எழுமலை ரயில் நின்றுபோன தவக்காலம்

சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு என் மனைவி எழுமலை ரயிலை நிலையத்தில் நிறுத்திவிட்டுக் கணினியை அணைத்தாள். “அம்புட்டுத்தான். இனி ஈஸ்டர் வரைக்கும் ரயில் கிடையாது” என்றாள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பிடித்த ஒன்றை விட்டுவிடுவது எங்கள் வழக்கம். அன்றைய நாட்குறிப்பில் அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, ‘நாற்பது நாள் கணினி சும்மா இருக்கும். நினைத்த வேலையை முடித்துவிட வேண்டும்’ என்றும் எழுதியிருக்கிறேன். இந்த இரண்டாவது வரியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

எழுமலையில் ரயில் நிலையம் கிடையாது. அந்தப் பக்கம் தண்டவாளமே இல்லை. அங்கே ஒரு மிஷன் பள்ளியில் என் மனைவி கணக்கு டீச்சர். பத்தொன்பது வருடமாக ஆனையூரிலிருந்து போய் வருகிறாள். காலை ஆறு பத்துக்கு வீட்டை விட்டு இறங்கினால் ஆரப்பாளையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து உசிலம்பட்டிக்கு ஒரு பஸ், உசிலம்பட்டியிலிருந்து எழுமலைக்கு ஒரு பஸ். மாலையில் அதே மூன்றும் திரும்ப. வீட்டுக்குள் நுழையும்போது ஆறே முக்கால் ஆகியிருக்கும். முகம் கழுவி, டீ போட்டு எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குக் கணினி முன்னால் உட்காருவாள். ஏழரைக்கு எழுந்துவிடுவாள். அந்த அரை மணி நேரத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது. நானும் கேட்பதில்லை.

அது ஒரு ரயில் விளையாட்டு. பதினோரு வருடங்களுக்கு முன் கணினி வாங்கியபோது ஒரு குறுந்தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அப்போதே அது பழைய விளையாட்டுதான். பனி மூடிய மலை, ஊசியிலை மரம், செங்கல் நிலையம் என்று எல்லாம் வெளிநாடு. அவள் முதல் வேலையாக மரங்களைப் பிடுங்கினாள். பிறகு ஆற்றை மூடினாள். “நம்ம பக்கம் ஏது இம்புட்டுத் தண்ணி?” என்றாள். வெறும் பொட்டல் கிடைத்ததும் ஆனையூரில் ஒரு நிலையம் வைத்து, உசிலம்பட்டி வழியாக எழுமலைக்குப் பாதை போட்டாள். அவள் பிறந்த ஊரான பேரையூருக்கும் ரயில் இல்லை. எழுமலையிலிருந்து அங்கே பாதையை நீட்ட அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. குறுக்கே ஒரு குன்று இருந்தது. ஒரு பாலத்தை மூன்று முறை இடித்துக் கட்டினாள். அந்த விளையாட்டில் ஜெயிப்பது தோற்பது எல்லாம் உண்டு. அவள் அந்தப் பக்கமே போனதில்லை. ஆனையூரிலிருந்து ரயிலை அனுப்பிவிட்டு, டீயை மெதுவாகக் குடித்துக்கொண்டு அது போவதைப் பார்ப்பாள். இருபத்திரண்டு நிமிடத்தில் ரயில் எழுமலைக்குள் நுழையும். எந்த இடத்திலும் மாறி ஏற வேண்டியதில்லை.

இனி என் பக்கம். நகரத்தில் உள்ள ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். முந்தின வருடம் எங்கள் அலுவலகக் கணினிகளையெல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன்; எனக்கு அது பிடித்துப்போனது. வீட்டிலிருந்த விண்டோஸ் மிகப் பழையது. திறக்க ஒன்பது நிமிடம் எடுத்தது. புதிய விண்டோஸைத் தாங்கும் சக்தி அந்தக் கணினிக்கு இல்லை. ஆகவே வீட்டிலும் லினக்ஸ் என்று முடிவு செய்தேன். தவக்காலத்தில் அவள் கணினியைத் தொட மாட்டாள். இதைவிட வசதியான காலம் ஏது என்று நினைத்தேன்.

வேலையை முறையாகத்தான் செய்தேன். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். என் ஃபோல்டர்களுக்கெல்லாம் எண்ணும் தமிழ்ப் பெயரும் உண்டு. ‘01-அலுவலகம்’, ‘02-பங்குக் கோயில்’ என்று வரிசை போகும். ரயில் விளையாட்டையும் நான் மறக்கவில்லை. அதுவரை அது ஏதோ ஆங்கிலப் பெயரில் ஒரு மூலையில் கிடந்தது. அதை எடுத்து, ‘07-வீடு’ என்பதற்குள் ‘03-விளையாட்டு’ என்பதற்குள் ‘ரயில்’ என்று பெயர் கொடுத்து வைத்தேன். அவளுடைய பதினோரு வருடப் பாதைகளும் அதற்குள்தான் இருந்தன. அடுக்கி முடித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை அவளுக்குப் பள்ளி இருந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கி பத்து நாற்பதுக்கு லினக்ஸை ஏற்றி முடித்தேன். விண்டோஸுக்காகச் செய்ததை லினக்ஸில் ஓட்டித் தருவதற்கு ஒயின் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதையும் ஏற்றி, ரயில் விளையாட்டைத் திறந்தேன். ரயில் ஊதும் சத்தம் கேட்டது. திரை கறுப்பானது. பிறகு ஒரு சின்னப் பெட்டி வந்து, ஒரு ஃபைலைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. எந்த ஃபைல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். நடுவே சில எண்கள். கேள்விக்குறிகளை எண்ணினேன். பத்தொன்பது. ‘முயற்சி 1: தோல்வி. கேள்விக்குறி 19’ என்று குறித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் எனக்குக் கிடைத்தது ஐம்பத்தைந்து நிமிடம். ஐந்தே முக்காலுக்கு நான் வீட்டுக்கு வருவேன். ஆறு நாற்பதுக்குக் கணினியை மூடித் துணியைப் போர்த்திவிட வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு என்பதால் அந்த நாளும் போனது. மீதி நாட்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதைக் குறிப்பது, பலனைக் குறிப்பது என்று ஒழுங்காகப் போனேன். ஒயினின் பதிப்பை மாற்றினேன். திரையின் அளவை மாற்றினேன். ஒலியை அணைத்துப் பார்த்தேன். எழுத்துருக்களை ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் ரயில் ஊதியது, திரை கறுப்பானது, பத்தொன்பது கேள்விக்குறிகள் வந்தன. இருபது முயற்சிக்குப் பிறகு அந்த ரயில் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பல் கூசியது.

இணையத்தில் தேடியது இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. இதே விளையாட்டைப் பற்றி ஒருவர் உதவி கேட்டிருந்தார். பதில் சொன்னவர், ‘எனக்கு ஓடுகிறதே’ என்று மட்டும் எழுதியிருந்தார். இன்னோரிடத்தில் ஒருவர் என் பிரச்சினையையே, கேள்விக்குறிகள் உட்பட, எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து அவரே, ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று முடித்திருந்தார். எப்படிச் சரியானது என்று ஒரு வரி இல்லை. முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். ஒரு மனிதன் இவ்வளவு அலட்சியமாக இருக்க முடியுமா என்று அன்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது.

ஒருநாள் துணியைப் போர்த்துவதற்குள் அவள் வந்துவிட்டாள்.

“என்ன, அந்தப் பெட்டிக்குள்ள எதையும் தொலைச்சுட்டீங்களா? தெனமும் தேடுறீங்க.”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் சரி பண்றேன்.”

“சரி, எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. அதப் பத்திப் பேசுனாலே பாக்கணும்னு தோணுது. அப்புறம் விட்ட மாதிரியே ஆகாது.”

சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வருடம் ரமலானும் தவக்காலமும் ஒன்றாக வந்தன. மூன்றாம் வாரம், தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு சந்தில் கணினி பழுது பார்க்கும் பாயிடம் போனேன். எங்கள் அலுவலகக் கணினிகளைப் பார்ப்பவர் அவர்தான். பிற்பகல் நேரம், மின்விசிறிக்கு நேர்கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

“பாய், ஒரு பழைய கேம் ஓட மாட்டேங்குது.”

“கேமா? யாருக்குண்ணே?”

“வீட்டம்மாவுக்கு.”

கண்ணைத் திறந்தார். “அக்கா டீச்சருல்ல?”

“டீச்சர் விளையாடக் கூடாதா?”

“நல்லா வெளையாடட்டும். பழைய விண்டோஸையே திருப்பிப் போட்டு விட்ருவோம்ணே. அரை மணி நேர வேல. எதுக்கு இம்புட்டுப் பாடு?”

“அது மட்டும் வேண்டாம் பாய்.”

பழையது பாதுகாப்பில்லை என்று காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அதற்குள் இருபத்தாறு முயற்சிகள் எழுதியிருந்தேன். அத்தனைக்கும் கீழே ‘பழையபடியே போட்டாயிற்று’ என்று எழுத எனக்குக் கை வராது.

“அப்ப பெருநாள் கழிச்சு வாங்க. நாக்கு ஒட்டிக் கெடக்கு, யோசன ஓடல.”

“நானுந்தான் நோன்பு.”

“ஒங்க நோன்புல தண்ணி குடிக்கலாம்லண்ணே. தண்ணியும் குடிச்சுட்டு எங்க நோன்போட சேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

குருத்து ஞாயிறு வந்தபோது முயற்சி முப்பத்தேழு. அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இனி மறைக்க முடியாது. பூசை முடிந்து குருத்தோலையைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னேன்.

“கம்ப்யூட்டரை மாத்திட்டேன். உன் ரயில் அதுல ஓட மாட்டேங்குது.”

“ஓடலன்னா?”

“நீ போட்ட பாதையெல்லாம் பத்திரமா இருக்கு. தெறக்கத்தான் மாட்டேங்குது.”

“எப்ப மாத்துனீங்க?”

“முதல் சனிக்கிழமை.”

“அன்னைக்கே தெரியுமா ஓடலன்னு?”

“தெரியும்.”

தெரு முனை வரை அவள் வேகமாக நடந்தாள். பிறகு சத்தத்தை உயர்த்தாமல் சொன்னாள்: “நாப்பது நாள் நான் தொட மாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க எடுத்து மாத்திக்கங்கன்னு சொல்லல. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல.”

குருத்தோலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“இன்னும் மூணு வருசம் சர்வீஸ் இருக்கு எனக்கு. இன்னும் மூணு வருசம் அந்த மூணு பஸ்ல ஏறி எறங்கணும். அது வரைக்கும் அந்த ரயில் ஓடணும். அம்புட்டுத்தான் கேக்குறேன்” என்றாள். வீட்டுக்கு வந்ததும் குருத்தோலையைச் சிலுவைப் படத்தின் பின்னால் செருகிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுவதும் ஏழு மணிக்கு டீயைச் சமையலறையில் நின்றபடியே குடித்தாள். தவக்காலம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தாள். நான் கவனித்தது அந்த வாரம்தான்.

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலை கணினிப் பெட்டியைக் கழற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். பெருநாள் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அவர் கடைவாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே. போன தடவ நான் காஞ்சு கெடந்தேன், இப்ப நீங்க கெடக்கீங்க. டீ சொல்லட்டுமா?”

“வேண்டாம். முதல்ல இதப் பாருங்க.”

பாய் எந்த ஃபோல்டருக்கும் பெயர் வைப்பதில்லை. அவருடைய திரையில் ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரிலேயே ஒன்று, இரண்டு என்று இருபத்தொன்று கிடந்தன. எதில் எது இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று அலுவலகத்தில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். “தெறந்து பார்த்தா தெரியும்லண்ணே” என்றார். அவர் இப்போது என் கணினியைத் திறந்து பார்த்தார்.

“என்னண்ணே இது, ரிஜிஸ்தர் ஆபீஸ் மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்க? கதவுக்குள்ள கதவாப் போகுது.”

“எதையும் கலைக்காதீங்க பாய். வரிசை மாறிடும்.”

“கலைக்கல. எனக்கு இந்த அடுக்கெல்லாம் ஆகாது. வெளிய ஒரு காப்பி எடுத்துப் போட்டுக்கிறேன்.”

எல்லா ஃபோல்டர்களுக்கும் வெளியே புதிதாக ஒன்றைத் திறந்தார். பெயர் கேட்ட இடத்தில் ஆங்கில ‘ஏ’ எழுத்தை இரண்டு தட்டுத் தட்டினார். விளையாட்டு முழுவதையும் அதற்குள் பிரதி எடுத்துப் போட்டுத் திறந்தார்.

ரயில் ஊதியது. நான் கேள்விக்குறிகளுக்காகக் காத்திருந்தேன். திரை வெளுத்து, பொட்டல் வெளி தெரிந்தது. எழுமலை நிலையமும், அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் நிறுத்திய இடத்திலேயே ரயிலும்.

பாய் என்னைப் பார்த்தார். “இதுல என்னண்ணே ஓடல?”

நான் அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். என் ‘ரயில்’ ஃபோல்டரிலிருந்து திறந்தேன், கறுப்பு. அவருடைய ஃபோல்டரிலிருந்து திறந்தேன்; ஓடியது. நான்கு முறை மாற்றி மாற்றிச் செய்தேன். பிறகு ஒரு தாளில் வீடு, விளையாட்டு, ரயில் என்று எழுதி, எழுத்தையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினேன். நான்கு, பத்து, ஐந்து. பத்தொன்பது. அந்தப் பழைய விளையாட்டுக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறு தெரியாது. தான் இருக்கும் இடத்தின் பெயரையே அதனால் படிக்க முடியவில்லை. தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு என்னிடம் நீட்டியிருக்கிறது. அதை முப்பத்தேழு முறை எண்ணி, முப்பத்தேழு முறை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். என் அடுக்கை மட்டும் மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

“பேரு வச்சதுதான் தப்பாண்ணே?” என்றார் பாய்.

“தப்பில்ல. அதுக்குப் படிக்கத் தெரியல.”

“நாங்கூட இத்தன வருசமா எனக்குத்தான் சோம்பேறித்தனம்னு நெனச்சேன்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமானது. டீ குடிக்காமலே கிளம்பிவிட்டேன். பாதி வழியில், நன்றிகூடச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஈஸ்டர் அன்று மாலை ஏழு மணிக்கு அவள் டீயோடு வந்து உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். ரயில் ஆனையூரிலிருந்து கிளம்பியது. அவள் முகம் மலர்ந்தது. உடனே புருவம் சுருங்கியது.

“ஏன் இந்த ஓட்டம் ஓடுது?”

நானும் பார்த்தேன். ரயில் பாய்ந்துகொண்டிருந்தது. மேகங்கள்கூடத் திரையில் விரைந்தன. கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன், ஒன்பதே நிமிடத்தில் எழுமலை. அவள் தம்ளரில் டீ பாதிக்கு மேல் இருந்தது. பழைய விண்டோஸில் ஏதோ ஒன்று அந்த விளையாட்டை இழுத்துப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. இங்கே பிடிப்பதற்கு ஆளில்லை.

“இம்புட்டு வேகமாப் போனா நான் எதப் பாக்க?” என்றாள். ஆனாலும் ரயிலைத் திருப்பி ஆனையூருக்கு ஓட்டினாள். மறுபடி எழுமலைக்கு ஓட்டினாள். ஏழரைக்கு எழுந்துவிட்டாள். “பரவாயில்ல, ஓடுதுல்ல” என்றாள். பரவாயில்லை என்ற சொல்லை அவள் எந்த நேரத்தில் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். முயற்சி முப்பத்தெட்டை மறுநாளே தொடங்கினேன்.

இந்தச் சுற்று முந்தையதைவிட மோசம். இப்போது விளையாட்டு ஓடியது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வெறும் நிலத்தில், ஆனையூரிலிருந்து எழுமலைக்கு உள்ள அதே தூரத்துக்கு நான் தனியாகப் போட்ட பாதையில் ஒரு ரயிலை விட்டு, கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடம். ஒருமுறை எட்டே முக்கால்.

அந்த நாட்களில் அவள் புதிதாக நிலையங்கள் கட்டத் தொடங்கியிருந்தாள். நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர் என்று முதலில் வழக்கமான ஊர்கள். அதன்பின் உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவே பெயரில்லாத இடங்களில். ‘கிணறு’ என்று ஒன்று, ‘செங்கல் சூளை’ என்று ஒன்று, ‘வேப்பமரம்’ என்று ஒன்று. எல்லாம் ஆங்கில எழுத்தில்.

“இது என்ன ஸ்டேஷன், கிணறுன்னு?”

“அந்தத் தோட்டத்துக் கெணத்துக்கிட்டதான் நம்ம ஸ்கூலுப் பிள்ளைக நாலஞ்சு நிக்கும். பஸ்ஸுக்குக் கை காட்டும். கூட்டம்னா பஸ்காரரு நிறுத்தாமப் போயிருவாரு. நான் உள்ள நின்னுக்கிட்டு பாத்துக்கிட்டே போவேன்.”

“சூளையிலயும் அப்படியா?”

“அங்க மூணு பேரு. அதுல ஒருத்தி பத்தாவது.”

அவள் ரயில் அந்த இடங்களிலெல்லாம் நின்று நின்று போனது. நல்ல யோசனை என்று நினைத்துக்கொண்டு என் குறிப்புக்குத் திரும்பிவிட்டேன். மொத்தம் பதின்மூன்று நிறுத்தம் என்பதை எழுதி வைத்திருக்கிறேன். அத்தனை நிறுத்தத்துக்குப் பிறகு ரயில் எத்தனை நிமிடத்தில் எழுமலைக்குப் போகிறது என்பதை எழுதவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, முயற்சி நாற்பத்தாறில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன மென்பொருள் பிடிபட்டது. அவள் பாதையைத் தொடாமல், என் தனிப் பாதையிலேயே ஓட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம், ஒரு நொடி பிசகாமல். பழையபடியே மேகங்களும் நின்று நிதானமாக நகர்ந்தன. அவளிடம் சொல்லவில்லை. தானாகத் தெரியட்டும் என்று இருந்தேன்.

ஏழு மணிக்கு அவள் உட்கார்ந்தாள். ரயில் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் போய்ச் சேரவே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. கருமாத்தூருக்குள் போகும்போது டீ முடிந்துவிட்டது. ஏழரைக்கு ரயில் உசிலம்பட்டியில் நின்றுகொண்டிருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“என்ன செஞ்சீங்க?”

“வேகத்தைச் சரி பண்ணிட்டேன். பழைய இருபத்திரண்டு நிமிஷம்.”

“அது இப்பவும் இருபத்திரண்டு நிமிசந்தான போய்க்கிட்டிருந்துச்சு. அதுக்காகத்தான் இத்தன ஸ்டேஷன் போட்டேன்.”

நான் தாளை எடுத்து மனதுக்குள் போட்ட கணக்கை எழுதிப் பார்த்தேன். ஒன்பது இருபத்திரண்டானது போல அந்த இருபத்திரண்டும் நீண்டால், இப்போது எழுமலைக்கு ஐம்பத்து நான்கு நிமிடம் ஆகும். அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “கணக்கு சரிதான்” என்றாள்.

“அப்ப ஸ்டேஷனைக் கொறச்சுக்கலாமா?”

“எத எடுக்கச் சொல்றீங்க? கெணத்தையா, சூளையையா?”

நான் தாளை மடித்தேன்.

“இந்தத் தடவயும் ஒரு வார்த்த கேக்கல பாத்தீங்களா” என்றாள். தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரயில் இன்னும் உசிலம்பட்டியில்தான் நின்றது.

மறுநாள் பூசைக்குப் போவதற்கு முன் அந்த மென்பொருளை நீக்கினேன். நீக்கலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் நீக்கினேன். நாட்குறிப்பில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது: ‘முயற்சி 46: வெற்றி.’ அடுத்த வரி: ‘நீக்கப்பட்டது. காரணம்: தேவைப்படவில்லை.’ விளையாட்டு இன்றும் பாய் பெயர் வைத்த ஃபோல்டரிலேயே, என் எந்த வரிசையிலும் சேராமல், எல்லாவற்றுக்கும் வெளியே கிடக்கிறது. கணினியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. நான் அதைத் தொடுவதில்லை.